இனித்த ஓடை

விமானத் திடல் முகாம்
12–12–1954

பிரியமுள்ள சுகிர்தத்துக்கு,

சுந்தரதாஸ் எழுதுவது. இங்கே சுகம். உன் தம்பி ரெத்தினதாஸைக் கிறிஸ்துமசுக்கு முன் ஜாமீனில் விடுவார்கள் என்று எழுதியிருந்தாய். விட்டார்களா? நம் தமிழ்ப் பகுதிகளைச் சென்னையோடு சேர்க்க வேண்டும் என்று ஆகஸ்டில் ஊர்வலம் போனவன் இத்தனை மாதம் உள்ளே கிடக்கிறான். செப்டம்பரில் லீவில் வந்தபோது, வாத்தியார் வேலை பார்க்கிறவனுக்கு இது எதற்கு என்று உன்னிடம் கோபித்துக்கொண்டேன். இப்போது போலீஸ் அடியில் ஒடிந்த அவன் கையை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. எலும்பு சேர்ந்துவிட்டதா, எழுது.

இங்கே பனி தொடங்கிவிட்டது. மலைப்பாதை அடைந்துபோனால் இந்த வடநாட்டுப் பள்ளத்தாக்குக்கு உப்பும் அரிசியும் தபாலும் எங்கள் கம்பெனி விமானத்தில்தான் வரவேண்டும். காலையில் பார்த்தால் இறக்கை முழுக்க ஐஸ் படிந்திருக்கும். அதோடு பறந்தால் விமானம் எழும்பாது, எழும்பினாலும் விழுந்துவிடும். அதனால் நாங்கள் ஏணி வைத்து ஏறி, ஒரு திரவத்தைக் கைப்பம்பால் பீய்ச்சி ஐஸை இளக்குகிறோம். இங்கிலீஷில் அதற்குக் கிளைக்கால் என்று பெயர். நாங்கள் 'மருந்து' என்போம். டிரம்மில் மண்டையோடு படம் போட்டிருக்கிறது. வாயில் வைக்கக்கூடாது என்று வந்த அன்றே சொன்னார்கள். விரலில் பட்டதை நான் தெரியாமல் ஒரு முறை நக்கிவிட்டேன். கருப்பட்டிப் பாகு மாதிரி இனிப்பு.

அந்த மருந்து இறக்கையிலிருந்து தரையில் வழிந்து, உருகின பனியோடு சேர்ந்து, கொட்டகைக்குப் பின்னால் ஒரு கழிவுநீர்க் காண் வழியாக ஓடையில் விழுகிறது. ஓடைக்குக் கீழே ஒரு சிற்றூர். அவர்கள் குடிக்கிறதும் ஆடுமாட்டுக்குக் காட்டுகிறதும் அந்தத் தண்ணீரைத்தான். போன வாரம் காண் விழுகிற இடத்தில் ஆடுகள் செத்துக் கிடந்தன. ஓநாய் கடித்த அடையாளம் இல்லை. குளிரில் செத்திருக்கும் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கொட்டகைக்குப் பின்னால் ஒரு பள்ளம் வெட்டி, காணை அதிலே திருப்பிவிட்டால் ஓடைக்குப் போகாது. மானேஜரிடம் சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஆனால் நாங்கள் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறவர்கள். கம்பளி போதவில்லை என்று சொன்ன ஒரு பிட்டர் வேலைக்காரனை அடுத்த விமானத்திலேயே அனுப்பிவிட்டார்கள். நீ ஆசுபத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிறவள், எனக்குத் தெரியாதது உனக்குத் தெரியும். உன் அபிப்பிராயம் எழுது. கிறிஸ்துமஸ் கழிந்து சொல்லலாம் என்றிருக்கிறேன்.

உன்
சுந்தரதாஸ்


பாறசாலை
3–1–1955

என் பிரியமான அத்தானுக்கு,

சுகிர்தபாய் எழுதுவது. ஸ்தோத்திரம். முதலில் ஒரு சந்தோஷ செய்தி. நீங்கள் செப்டம்பரில் வந்து போனதன் பலன், எனக்கு நாலாம் மாதம். ஆசுபத்திரியில் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். ஜூன் கடைசியில் இருக்கும். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது.

தம்பி வந்துவிட்டான். கை சேர்ந்திருக்கிறது, ஆனால் கோணலாகச் சேர்ந்திருக்கிறது. சாப்பாடு போட்டு வைத்தேன். இடது கையால் பிசைந்தான். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "விரலு மடங்க மாட்டேங்கு அக்கா. சரியாவும், நீ பேடிக்காத" என்றான். கேஸ் முடிகிற வரையில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கமாட்டார்களாம். பகலெல்லாம் சாலையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். சாயங்காலமானால் பனச்சமூட்டுக்குப் போய் அந்த ஊர்வலக் கூட்டத்தாரோடு பேசிவிட்டு வருகிறான். ஆசுபத்திரியில் கூட வேலை பார்க்கிற மலையாளத்துப் பெண்கள் என்னிடம் முன்பு போலப் பேசுவதில்லை. நானும் பேசுவதில்லை. ஒரே கிணற்றில் தண்ணீர் கோரிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்.

அத்தான், நீங்கள் எழுதிய விஷயத்தை நாலைந்து முறை படித்தேன். உங்கள் மனசு எனக்குத் தெரியும். ஆனாலும் உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், இந்தக் குளிர்காலம் மட்டும் வாயைத் திறக்காதிருங்கள். அது நம் ஊரில்லை. நம் பாஷை இல்லை. அனுப்பிவிட்டால் இங்கே வந்து என்ன வேலை செய்வீர்கள்? ஒரு வீட்டில் நியாயம் பேச ஒருத்தன் போதும். அவன் கையை நான் தினமும் பார்க்கிறேன். செத்தது ஆடுகள்தானே. மனிதருக்கு ஒன்றும் ஆகவில்லையே. பனி போனால் மருந்தும் தேவைப்படாது என்றுதானே அர்த்தம்? அதற்குப் பிறகு நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

எனக்காக வேண்டாம். வயிற்றில் இருக்கிறதற்காக.

உங்கள்
சுகிர்தம்


விமானத் திடல் முகாம்
6–2–1955

பிரியமுள்ள சுகிர்தத்துக்கு,

செய்தி அறிந்து ஏணியில் நின்றுகொண்டே சிரித்தேன். கீழே நின்றவன் என்ன என்று கேட்டான், சொன்னேன். முகாமில் எல்லாரும் தேநீர் வைத்துக் கொண்டாடினார்கள். கனமான வாளி தூக்காதே. கிணற்றில் தண்ணீர் கோருவதை நிறுத்து.

நீ எழுதியபடியே இருக்கிறேன். மானேஜரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வருஷம் போலப் பனி முன்பு எப்போதும் விழுந்ததில்லை என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். ஊற்றெல்லாம் உறைந்துவிட்டது. ஓடையும் மேலே கல்லாகிவிட்டது. காண் விழுகிற இடத்தில் மட்டும் தண்ணீர் உறையாமல் தேங்கி நிற்கிறது. மருந்து கலந்தது உறையாது. அது ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. நல்லதாய்ப் போயிற்று என்று சிலபேர் அங்கேயே குடத்தோடு வருகிறார்கள்.

எங்கள் சமையல்கட்டுக்குப் பால் கொண்டுவருகிற ஜூனி என்ற பெண்ணிடம், எனக்குத் தெரிந்த இந்துஸ்தானியில், அந்தத் தண்ணீர் எடுக்காதே என்றேன். ஏன் என்றாள். அழுக்குத் தண்ணீர் என்றேன். விஷம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஊர் முழுக்கப் பரவும், யார் சொன்னது என்று மானேஜர் கேட்பார். வேறு தண்ணீருக்கு எங்கே போவது என்று அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அவளுடைய மகள் மொக்தா, ஏழு வயதிருக்கும், தாயின் பின்னால் வந்து என் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொள்ளும். என்னைத் 'தாஸ் காக்' என்று கூப்பிடும். பெரியவர்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்களாம். நம் ஊரில் இது காதில் விழுந்தால் காக்கை என்று நினைப்பார்கள் என்று அதற்கு விளக்க முயன்று தோற்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சுந்தரதாஸ்


பாறசாலை
20–3–1955

பிரியமான அத்தானுக்கு,

பிப்ரவரிக் கடிதத்துக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. தபால்காரர் நம் வீட்டைத் தாண்டிப் போகும்போது என்னைப் பார்க்காமல் போகிறார். பனியில் விமானம் வரவில்லையா, உடம்புக்கு என்ன?

இங்கே குழந்தை அசைகிறது. ஆசுபத்திரியில் நிற்கிற வேலையைக் குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள். தம்பி இடது கையால் எழுதப் பழகுகிறான். எல்லையை நிர்ணயிக்கிற கமிஷனுக்கு நம் ஊர்களிலிருந்து மனு அனுப்புகிறார்களாம். அவன் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குகிறான். சிலர் கதவைத் திறப்பதில்லை. அதற்கும் அவன் கோபப்படுவதில்லை.

எழுதுங்கள். இரண்டு வரி போதும்.

சுகிர்தம்


விமானத் திடல் முகாம்
18–4–1955

சுகிர்தத்துக்கு,

மொக்தா இறந்துவிட்டது. மார்ச் மாதம் கடைசியில். எழுதக் கை வரவில்லை.

முதலில் கள் குடித்த மாதிரித் தள்ளாடி நடந்திருக்கிறது. விளையாட்டு என்று நினைத்துச் சிரித்திருக்கிறார்கள். பிறகு வாந்தி. ஒரு நாள் தெளிந்தது போலிருந்தது. அதன்பின் மூத்திரம் நின்றுபோய், முகம் வீங்கி, மூச்சு வாங்கத் தொடங்கியது. ஜூனி அன்று பால் கொண்டுவராததால்தான் எனக்குத் தெரியவந்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டு மூலையில் ஒரு தகரக் குவளையில் அந்தத் தண்ணீர் இருந்தது. ரொட்டியை அதில் தோய்த்துத் தின்றதாக அதன் கூட்டாளிப் பிள்ளை சொன்னது.

மானேஜரிடம் ஓடினேன். பிள்ளையை விமானத்தில் கீழே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. விமானியை எழுப்பச் சொன்னார். ஆனால் மேகம் இறங்கி மலையே தெரியவில்லை. பஞ்சு வைத்த மாதிரி எல்லாம் வெள்ளை. மேகம் விலகிய போது பிள்ளை இல்லை.

அன்றுதான் மருந்து விஷயத்தை மானேஜரிடம் சொன்னேன். "இது உனக்கு எப்போதிருந்து தெரியும்?" என்றார். டிசம்பரிலிருந்து என்றேன். "ஒரு பள்ளம் வெட்டுவதற்கா நீ இத்தனை நாள் யோசித்தாய்?" என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

மறுநாளே நாங்கள் கடப்பாரை எடுத்தோம். மேலே கொஞ்சம்தான் தரை இறுகியிருந்தது. கீழே ஈரமண். ஒரு வாரம்கூட ஆகவில்லை, காணைத் திருப்பிவிட்டோம். இப்போது ஓடையில் ஒரு சொட்டு விழுவதில்லை. அவ்வளவுதான் வேலை. வேலை எவ்வளவு லேசாக இருந்தது என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

டிசம்பரில் நான் உன்னிடம் கேட்டேன். வேண்டாம் என்று நீ எழுதினாய். செத்தது ஆடுகள்தானே என்று எழுதினாய். அந்தக் கடிதம் வராதிருந்தால் நான் சொல்லியிருப்பேன். நான் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை இப்போது என் ஏணியடியில் உட்கார்ந்திருக்கும். உனக்கு ஒரு பிள்ளை வரப்போகிறது என்பதற்காக இன்னொருத்தியின் பிள்ளை போனது. இதை எழுதக்கூடாது என்று தெரிகிறது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

சுந்தரதாஸ்


பாறசாலை
8–5–1955

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை ஆசுபத்திரிக்குப் போகிற வழியில் நின்றே படித்தேன். படித்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்று பிரசவ வார்டில் எனக்கு வேலை. எப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை.

செத்தது ஆடுகள்தானே என்று எழுதியவள் நான்தான். அந்த வார்த்தை என் கையெழுத்தில் உங்கள் பெட்டியில் இருக்கிறது. அதை நான் மாற்றமுடியாது. அதைவிட ஒன்று உண்டு. எங்கள் டாக்டர் அய்யா தினமும் என் எதிரே நடந்து போகிறவர். அந்த மருந்து என்ன என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஜனவரியில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று உள்ளே பயந்திருப்பேன் போலும். இப்போது கேட்டேன். நீங்கள் எழுதிய அடையாளங்களைச் சொன்னேன். மூத்திரக்காய், அதாவது சிறுநீரகம், அடைத்துப்போகும், குழந்தைக்கு ஒரு குவளையே அதிகம் என்றார். ஏன் கேட்கிறாய் என்றார். ஒரு புஸ்தகத்தில் படித்தேன் என்றேன்.

என் பங்கை நான் ஏற்றுக்கொள்கிறேன், அத்தான். முழுவதையும் ஏற்கமாட்டேன். நான் எங்கேயோ இருந்து எழுதியது ஒரு கடிதம். ஓடை உங்கள் கண்ணெதிரே ஓடியது. குடத்தோடு வந்தவர்களை நீங்கள் பார்த்தீர்கள், நான் பார்க்கவில்லை. அழுக்குத் தண்ணீர் என்று சொன்ன வாய்க்கு விஷம் என்று சொல்ல என் அனுமதி எதற்கு? மானேஜருக்குப் பயந்தது நீங்கள். என் பயத்தை நீங்கள் கேட்டு வாங்கி உங்கள் பயத்துக்கு மேலே போர்த்திக்கொண்டீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் அந்தப் பிள்ளையைவிட நான்தான் அதிகமாக இருக்கிறேன். அதன் தாய் ஒரு வரியில் வந்து போய்விடுகிறாள்.

என் வயிற்றில் இருக்கிறதன் பேரில் ஒரு சாவை எழுதிவைத்துவிட்டீர்கள். அது பிறந்து வளர்ந்து ஒருநாள் இந்தக் கடிதத்தைப் படிக்கக்கூடாது என்று அடுப்பில் போட்டேன். போட்ட பிறகும் எல்லா வரியும் ஞாபகம் இருக்கிறது.

சுகிர்தபாய்


பாறசாலை
2–7–1955

அத்தானுக்கு,

ஜூன் மாதம் கடைசி வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் சுகம். கொஞ்சம் சிரமப்பட்டேன், இப்போது எழுந்து நடக்கிறேன். தந்தி அடித்தானாம் தம்பி. கிடைத்ததா?

ஞானஸ்நானத்துக்குப் பெயர் கேட்கிறார்கள். நீங்கள் எழுதுகிற பெயரை வைக்கலாம் என்று காத்திருக்கிறேன். இந்த மாதம் முழுவதும் பார்ப்பேன்.

சுகிர்தபாய்


விமானத் திடல் முகாம்
16–10–1955

பிரியமுள்ள சுகிர்தத்துக்கு,

தந்தி கிடைத்தது. கடிதமும் கிடைத்தது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துபோனேன். நீ பெயர் வைத்திருப்பாய். என்ன பெயர் என்று கேட்கிற நிலையில் என்னை நானே கொண்டுவந்து நிறுத்திவிட்டேன்.

ஏப்ரலில் நான் எழுதியது அநியாயம். நீ எழுதிய பதிலில் ஒரு வரியையும் என்னால் மறுக்க முடியவில்லை. மறுக்க முயன்றுதான் இத்தனை மாதம் ஓடிவிட்டது. அந்தக் கடிதத்தை நீ எரித்தது நல்லது. உன் ஜனவரிக் கடிதத்தை நான் எரிக்கவில்லை. அதில்தான் குழந்தையைப் பற்றிய முதல் செய்தியும் இருக்கிறது.

ஜூனியைப் பற்றிக் கேட்டிருந்தாய் என்று எடுத்துக்கொள்கிறேன். அவள் இப்போதும் பால் கொண்டுவருகிறாள். ஏணிப்பக்கம் பார்ப்பதில்லை. பாலோடு கொண்டுவந்த தயிரை மட்டும் நிறுத்திவிட்டாள். ஏன் என்று சமையல்காரன் கேட்டான். பழைய தயிரைக் கொடுத்ததால்தான் பிள்ளைக்கு அப்படி ஆயிற்று என்கிறாளாம். புளித்திருந்தது, தெரிந்தே கொடுத்தேன், வீணாக்க மனசில்லை என்று எல்லாரிடமும் சொல்கிறாளாம். அதன்பின் அவள் வீட்டில் தயிரே உறைகுத்துவதில்லை.

இதைக் கேட்ட அன்று அவள் கொண்டுவந்த பாலை என்னால் குடிக்க முடியவில்லை. ஆனால் மறுநாள் குடித்தேன். அதற்கும் மறுநாளும். அவளிடம் போய் என்ன சொல்வது? ஊருக்குத் தெரிந்தால் கம்பெனிக்கு வம்பு என்று மானேஜரும் பேசாதிருக்கச் சொல்லியிருக்கிறார். போன பிள்ளை திரும்பிவரப் போவதில்லை. சொல்லி என்ன ஆகும் என்று இருக்கிறேன்.

மறுபடி மலைமேல் பனி விழத் தொடங்கிவிட்டது.

சுந்தரதாஸ்


பாறசாலை
6–11–1955

பிரியமான அத்தானுக்கு,

குழந்தைக்கு விமலகுமாரி என்று பெயர் வைத்தேன். விமலா என்று கூப்பிடுகிறோம். ஆகஸ்டு வரை காத்திருந்தேன், பிறகு போதகர் கேட்டதும் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். உங்கள் நெற்றிதான். கோபம் வந்தால் உங்களைப் போலவே சத்தமில்லாமல் உதட்டை மடித்துக்கொள்கிறது.

கமிஷன் அறிக்கை வந்துவிட்டது. நான்கு தாலுக்காவும் செங்கோட்டையும் சென்னை ராஜ்யத்துக்கு. நம் நெய்யாற்றின்கரை தாலுக்கா இங்கே மலையாளத்தோடேயே. அதாவது விளவங்கோட்டுக்காரர்கள் அந்தப் பக்கம், நாம் இந்தப் பக்கம். பத்திரிகையைத் தம்பிதான் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். "கோடு நம்ம வீட்டுக்குத் தெக்கால கூடியாக்கும் போவுது அக்கா" என்றான். கை வலிக்கிறதா என்று கேட்டேன், ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை. "கை இல்ல. கையெழுத்து போட்டவியளுக்க மொகத்த இனி எப்பிடிப் பாப்பேன்?" என்றான். ஆனாலும் மறுநாளிலிருந்து போய்ப் பார்க்கிறான். மனு கொடுத்த வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போகிறான். நடக்கவில்லை என்று அவனே வாயால் சொல்லவேண்டுமாம். சிலர் ஏசுகிறார்கள். கேட்டுக்கொண்டு வருகிறான். வந்து குழந்தையை இடது கையில் ஏந்திக்கொண்டு நிற்கிறான்.

இப்போது நான் எழுதப்போவதைக் கவனமாகப் படியுங்கள். ஜூனியிடம் போய்ச் சொல்லுங்கள்.

இத்தனை வருஷமாக ஆசுபத்திரியில் பார்க்கிறேன். பிள்ளை போய்விட்டால் தாய் முதலில் தான் ஊட்டின சோற்றைத்தான் சந்தேகிப்பாள். குளிப்பாட்டினேனே, வெளியே விட்டேனே, அடித்தேனே என்று அலறுவாள். நாங்கள் உட்காரவைத்து, உன்னால் இல்லை, இன்ன நோய் என்று சொல்லுவோம். நோயின் பெயர் அவளுக்குப் புரியாது. ஆனாலும் 'உன்னால் இல்லை' என்பது புரியும். ஜூனிக்கு அதை யாரும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தவர் அவள் பாலைக் குடித்துக்கொண்டு ஏணியில் நிற்கிறார்.

சொல்லி என்ன ஆகும் என்று கேட்கிறீர்கள். என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. உங்களை அவள் சபிக்கலாம். கம்பெனி வீட்டுக்கு அனுப்பலாம். அனுப்பினால் வாருங்கள், தம்பிக்கும் குழந்தைக்கும் எனக்கும் கஞ்சி குடிக்க என் வேலை உண்டு, நாலாவதாக ஒருத்தருக்கும் போதும். போன ஜனவரியில் இதை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. பேசாதே என்று எழுதின அதே கைதான் இதை எழுதுகிறது. அதையும் அவளிடம் சொல்லுங்கள். பாறசாலையில் ஒருத்தி தடுத்தாள் என்று சொல்லுங்கள். மறைக்கவேண்டாம்.

சுகிர்தம்


விமானத் திடல் முகாம்
11–12–1955

பிரியமுள்ள சுகிர்தத்துக்கும் விமலாவுக்கும்,

உன் கடிதம் வந்தபின்னும் ஒரு வாரம் தள்ளினேன். ஞாயிற்றுக்கிழமை பகலில் வேலை இல்லாதபோது போனேன்.

ஜூனி வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். அவள் புருஷன் ஆட்டோடு கீழ்ப்பக்கம் போயிருந்தான். பாலுக்குப் பணம் கொண்டுவந்திருப்பதாக நினைத்து உள்ளே கூப்பிட்டாள். நான் போகவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். என் இந்துஸ்தானி அவ்வளவு நல்லதில்லை, அதனால் சுற்றி வளைக்க வழி இல்லாமல் போயிற்று. விமானத்துக்கு அடிக்கிற மருந்து விஷம். அது உன் ஓடையில் விழுந்தது. மொக்தா அதைத்தான் குடித்தது. தயிரால் இல்லை. எனக்கு முன்னமே தெரியும், நான் சொல்லவில்லை. சுகிர்தம், உன்னையும் சொன்னேன், நீ எழுதியபடியே. ஆனால் முதலில் என்னைச் சொன்னேன்.

அவள் கோடரியைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அது இனிக்குமா?"

இனிக்கும் என்றேன்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா, தண்ணீர் இனிக்கிறது என்று மொக்தா வந்து சொன்னதாம். குவளையில் கொண்டுவந்தும் காட்டியதாம். தண்ணீர் எங்காவது இனிக்குமா, முகாமில் போய்ச் சர்க்கரை திருடித் தின்றுவிட்டுப் பொய் சொல்லுகிறாயா என்று இவள் கன்னத்தில் அடித்தாளாம். "பொய் சொல்லவில்லை, அவள் பொய் சொல்லவில்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை, யாரிடமென்று தெரியவில்லை. உன்னால் இல்லை என்று அவளுக்குப் புரியவைக்கத்தான் நான் போனேன், சுகிர்தம். தயிரை அவள் மனசிலிருந்து எடுத்தேன். அந்த இடத்தில் இந்த அடி வந்து உட்கார்ந்துகொண்டது. இது சரிதானா, தப்பா, எனக்குத் தெரியவில்லை. நீ பக்கத்தில் இருந்திருந்தால் அவளைத் தொட்டு ஏதாவது சொல்லியிருப்பாய். நான் ஆண்பிள்ளை, அந்நியன். மரம் மாதிரி நின்றேன்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இப்போது அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டாள். பள்ளம் வெட்டியிருக்கிறோம், ஓடைக்கு வராது என்றேன். காட்டு என்றாள்.

கூட்டிக்கொண்டு போனேன். மருந்து அடிக்கிற காலம் தொடங்கி சில வாரம் ஆகியிருந்தது. சுற்றிலும் எல்லாம் உறைந்து கிடக்க, பள்ளத்தில் மட்டும் தண்ணீர் கண் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. கரையில் பனியின் மேல் சின்னச் சின்னப் பாதச்சுவடு. ஆட்டுக்குட்டியுடையது, நாயுடையது. பிள்ளைகளுடையதும் இருந்தது. நான் அதுவரை அதைக் கவனித்ததில்லை. ஓடைக்குப் போகாமல் தடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். ஓடையிலாவது தண்ணீர் ஓடிக் கரையும். இங்கே இனிப்பு முழுவதும் ஒரே இடத்தில் நிற்கிறது.

ஜூனி அந்தச் சுவடுகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஊருக்குள் இறங்கிப்போனாள்.

திரும்பி வரும்போது அவளோடு நாலைந்து பெண்கள் இருந்தார்கள். எல்லார் முதுகிலும் காட்டு முள் கட்டு. ஆட்டுக்கிடைக்கு வேலி போட வெட்டிவைத்திருந்தது. அவள் அவர்களிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. ஒருத்தி என் பக்கமாகக் காறித் துப்பினாள். மற்றவர்கள் என்னைப் பார்க்கவே இல்லை. பள்ளத்தைச் சுற்றி முள்ளை அடுக்கத் தொடங்கினார்கள்.

சத்தம் கேட்டு மானேஜர் வந்தார். இவர்களுக்கு யார் சொன்னது என்று கேட்டார். நான்தான் என்றேன். மார்ச்சோடு உன் ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்க முடியாது என்று சொன்னார். பிறகு கொட்டகையில் கம்பிச்சுருள் இருந்தால் எடுத்துக்கொடு என்று சொல்லிவிட்டுப் போனார். ஆகவே மார்ச் கடைசியில் பாறசாலைக்கு வந்து இறங்குவேன். ரெத்தினதாஸிடம் சொல். அவன் வீடு வீடாகப் போகிறான் என்று நீ எழுதியதைப் படித்தபோது, அவனைப் பற்றிப் போன வருஷம் செப்டம்பரில் நான் உன்னிடம் ஏசியது ஞாபகம் வந்து வெட்கினேன்.

கம்பியை எடுத்துக்கொண்டு நானும் பெண்களோடு சேர்ந்து வேலை செய்தேன். முள் கையெல்லாம் கிழித்துவிட்டது, அதனால்தான் எழுத்து இப்படி இருக்கிறது. ஜூனி எனக்கு எதிர்ப்பக்கம் நின்றாள். கட்டிலிருந்து ஒவ்வொரு கிளையாக உருவி, ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு, மறுமுனையை என் பக்கம் நீட்டுவாள். நான் பிடித்துக்கொள்வேன்.

உன்
சுந்தரதாஸ்